மகளின் முதுகு வளைகிறது... ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பிறந்ததிலிருந்தே உடம்பில் காபி நிறத்தில் திட்டுகள் உண்டு. மச்சம்தானே என்று விட்டுவிட்டோம். போன வருடம் தலை பின்னும்போது ஒரு பக்கத் தோள்பட்டை துருத்திக்கொண்டிருந்ததைக் கவனித்து மருத்துவமனைக்குப் போனோம். நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்றார்கள், தோலிலும் நரம்புகளிலும் கட்டிகள் வரும் மரபணு நோயாம். முதுகு வளைவு அப்போது 22 டிகிரி. பெல்ட் போட்டும் இப்போது 38 ஆகிவிட்டது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். என் மாமியாரோ, ‘வளர்ந்து முடியட்டும், இப்போதே கத்தி வைத்தால் குள்ளமாகிவிடுவாள், கால் விழுந்துவிடும்’ என்கிறார். முதுகை நீவி நிமிர்த்தும் வைத்தியர் ஒருவரையும் சொல்கிறார்கள். கணவருக்கும் தோலில் சிறு கட்டிகள் இருக்கின்றன. 4 வயதில் ஒரு மகனும் உண்டு. அவனுக்கும் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த நீவுகிற வைத்தியரை விட்டுவிடுங்கள். இந்த நோயில் சில பிள்ளைகளுக்கு விலா எலும்பின் தலைப்பகுதி நழுவி, தண்டுவடம் போகும் பாதைக்குள்ளேயே நுழைந்திருக்கும். வெளியே பல நேரம் எந்த அறிகுறியும் தெரியாது. அந்த முதுகை அழுத்தி நீவினால், எந்தக் கால் விழுந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ அதை நாமே வரவழைத்த மாதிரி ஆகிவிடும்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காரணம் தெரியாமல் பதின்ம வயதில் வரும் சாதாரண முதுகு வளைவுக்கு அது சரி. அதற்கு பெல்ட் போட்டு, 45, 50 டிகிரி வரை பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகையில் வருகிற வளைவு இரண்டு விதம். ஒன்று இந்தச் சாதாரண வளைவைப் போலவே நடந்துகொள்ளும். இன்னொன்றை டிஸ்ட்ரோஃபிக் என்பார்கள். அதில் எலும்பே நோஞ்சான். தண்டுவடத்தைச் சுற்றிய உறை உப்பி முள்ளெலும்பை உள்ளிருந்து அரிக்கும், விலா எலும்புகள் மெலிந்து கூராகும், நாலைந்து எலும்புகளுக்குள்ளேயே முதுகு சட்டென்று மடங்கும். சின்ன வயதிலேயே தொடங்கி வேகமாக ஏறும். பெல்ட்டுக்கு இது பெரும்பாலும் அடங்காது. சாதுவாக இருந்த சாதாரண வளைவு, பிள்ளை வளர வளர டிஸ்ட்ரோஃபிக் வளைவாக மாறுவதும் உண்டு.

உங்கள் மகளுக்கு ஒரே வருடத்தில் 16 டிகிரி ஏறியிருக்கிறது. அதுவும் பெல்ட் போட்டு! படத்தைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்லக்கூடாது, ஆனால் இந்த ஓட்டத்தைப் பார்த்தால் டிஸ்ட்ரோஃபிக் வளைவு என்றே தோன்றுகிறது. அந்த வகை என்றால் 20 டிகிரியைத் தாண்டி ஏறத் தொடங்கும்போதே ஆபரேஷனை யோசிப்பதுதான் வழக்கம். உங்கள் டாக்டர் அவசரப்படவில்லை. காத்திருந்தால் வளைவோடு கூனும் சேரும். கூன் 50 டிகிரிக்கு மேல் போய்விட்டால் முதுகுப் பக்கம் மட்டும் திறந்து செய்வது பல நேரம் போதாமல், முன்பக்கமாகவும் எலும்பை இணைக்க வேண்டிவரும். நுரையீரல் விரிய இடமும் குறையும்.

குள்ளமாகிவிடுவாளா என்ற பயத்துக்கு வருகிறேன். முள்ளெலும்புகளைக் கம்பியும் திருகும் வைத்து ஒன்றாக இணைத்துவிட்டால் அந்த இடம் அப்புறம் வளராது, உண்மைதான். ஆனால் நோய் பிடித்த எலும்புகள் எப்படியும் சரியாக வளரப்போவதில்லை. கோணலாகவே வளர்ந்து இழக்கும் உயரத்தோடு ஒப்பிட்டால், குறுகிய பகுதியை இணைப்பதால் போகும் உயரம் பெரிதல்ல. நீண்ட பகுதியை இணைக்க வேண்டும் என்றால்தான் இந்த வயதில் யோசிக்க வேண்டும், ஏனென்றால் நெஞ்சுக்கூடும் வளர்ந்தாக வேண்டும். அப்போது வளரும் கம்பி என்ற முறை உண்டு. வளைவுக்கு மேலேயும் கீழேயும் பொருத்தி, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறு ஆபரேஷன் செய்து நீட்டுவார்கள். வெளியிலிருந்தே காந்தத்தால் நீட்டும் கம்பியும் இருக்கிறது, ஆனால் அது எம்.ஆர்.ஐ. படத்தை மறைக்கும். நரம்புக் கட்டிகளுக்காக அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க நேரக்கூடிய பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. இரண்டில் எது என்பதை அறுவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் காரணம் கேளுங்கள்.

அடுத்து கால் விழும் பயம். அந்த ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைக் குறைப்பதில் பாதி வேலை ஆபரேஷனுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. கழுத்திலிருந்து இடுப்பு வரை முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். கட்டி, உப்பிய உறை, உள்ளே நுழைந்த விலா எலும்பு எல்லாம் அதில் தெரியும். முள்ளெலும்பின் காம்புப் பகுதி இவர்களுக்கு மெலிந்திருக்கும் என்பதால், திருகு எங்கே பிடிக்கும் என்று பார்க்க சி.டி. ஸ்கேனும் வேண்டும். கழுத்திலும் வளைவு இருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள், ஆகவே கழுத்து எக்ஸ்ரேயை மயக்க மருத்துவர் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். ரத்த அழுத்தமும் முக்கியம். இந்த நோயில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலோ, அபூர்வமாக அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருந்தாலோ அது எகிறும். அப்புறம் ஒன்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆபரேஷன் நடக்கும்போதே நரம்புச் சமிக்ஞைகளைக் கண்காணிக்கும் கருவி அங்கே உண்டா? இல்லையென்றால் அது இருக்கிற இடத்துக்குப் போங்கள், சொந்த ஊருக்குப் பக்கம் என்பதற்காக ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் முதுகு ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் கேட்பதிலும் தவறில்லை.

ஒரு கசப்பான விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த எலும்புகள் ஒட்டுவதில் பிடிவாதக்காரர்கள். முள்ளெலும்புகளை இணைக்க வைத்த எலும்புத் துண்டு சேராமல் போய்க் கம்பி உடைவதும், வளைவு திரும்ப ஏறுவதும், இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுவதும் மற்ற முதுகு வளைவுகளைவிட இதில் அதிகம். அப்படி நடந்தால் டாக்டர் கெடுத்துவிட்டார் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். வருடக்கணக்கில் தொடர்ந்து காட்டவேண்டிய நோய் இது. வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள், இவர்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம். யோகாவும் பிசியோதெரபியும் உடம்புக்கு நல்லதுதான், வளைவை நிமிர்த்தாது. நடையில் தடுமாற்றம், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையில் அதற்கான கவுன்டரில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மகன். இந்த நோய்க்குக் காரணம் 17ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. பாதிப் பேருக்குப் பரம்பரையில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வரும். உங்கள் வீட்டில் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், அதைத் தோல் மருத்துவரோ மரபியல் மருத்துவரோ பார்த்து உறுதி செய்யட்டும். யாரையும் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை, கணவரிடமும் அதைச் சொல்லுங்கள். பையனை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி உடம்பு முழுக்கப் பாருங்கள். அந்தக் காபி நிறத் திட்டுகள் பெரும்பாலும் முதல் ஓரிரு வயதுக்குள் தெரிந்துவிடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆறோ அதற்கு அதிகமோ இருந்தால், அல்லது அக்குளில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் இருந்தால், அக்காவோடு அவனையும் அழைத்துப் போங்கள். 4 வயதில் ஒன்றுகூட இல்லை என்றால் அவனுக்கு அநேகமாக இல்லை. எதற்கும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.