தவணை ஏன் 3,40,000 என்று வருகிறது?

வணக்கம் சார். ஒயிட்ஃபீல்டு ஃபிளாட்டுக்கு 40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம். எக்செலில் தவணையைக் கணக்கிடும் பிஎம்டி (PMT) ஃபங்ஷனைப் போட்டால் மைனஸ் 3,40,000 வருகிறது என்று பதறியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், வங்கி அவ்வளவு கேட்காது.

காலத்தை 240 மாதமாகக் கொடுத்துவிட்டு, வட்டியை வருடக் கணக்கிலேயே விட்டிருக்கிறீர்கள். அதனால் எக்செல் மாதத்துக்கு 8.5% போடுகிறது. வட்டியை 12-ஆல் வகுத்துக் கொடுங்கள், 34,713 ரூபாய் வரும். மைனஸ் என்பது கையை விட்டுப் போகும் பணம், அவ்வளவுதான். கடன் தொகைக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டால் மறைந்துவிடும்.

அப்புறம், இதோடு நிறுத்தாமல் மாதவாரி அட்டவணையும் போடுங்கள். முதல் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது வெறும் 6,380. இதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆரம்ப வருடங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதன் அருமை புரியும்.

மிதக்கும் வட்டி, அதாவது இடையில் ஏறி இறங்கும் வட்டி என்றால், கடன் முடிய எத்தனை மாதம் ஆகும் என்று சொல்லும் என்பர் (NPER) ஃபங்ஷனையும் பாருங்கள். தொடக்கத்திலேயே வட்டி 9% ஆகி, தவணை மாறாமல் இருந்தால், 240 மாதம் 267-ஐத் தாண்டும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களுக்கே தேர்வு தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.