கோழியைக் கொண்டுபோகும் விலங்குக்குச் சுருக்கு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயக் காம்பிராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். பின்பக்கம் கூடு அடித்து ஊர்க்கோழி வளர்க்கிறோம். முட்டைக் காசில்தான் பிள்ளைகளின் டியூசன் செலவு ஓடுகிறது. இரண்டு மாதமாக இரவில் ஏதோ ஒன்று வந்து கோழிகளைக் கொண்டுபோகிறது. இதுவரை 11 கோழி போய்விட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. சிறுத்தைக்குட்டி என்கிறார் ஒருவர், மரநாய் என்கிறார் இன்னொருவர். மேல் லயத்து நாய்தான் என்று என் கணவர் அடித்துச் சொல்கிறார். மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளில் சுருக்கு வைக்கப்போகிறாராம். இல்லாவிட்டால் கூட்டைச் சுற்றிக் கம்பி கட்டி லைன் கொடுக்கிறேன் என்கிறார். இதெல்லாம் சட்டப்படி சரியா? போன கோழிகளுக்கு யாரிடமாவது நட்டஈடு கேட்க முடியுமா? கூட்டையே கழற்றச் சொல்லித் தோட்ட நிர்வாகம் வேறு நெருக்குகிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுருக்கு வேண்டாம், நஞ்சு வேண்டாம், மின்சாரம் அறவே வேண்டாம். இந்த மூன்றில் எதைச் செய்தாலும், இன்று கோழியைப் பறிகொடுத்தவராக இருக்கும் அவர் நாளை நீதவான் முன்னால் சந்தேகநபராக நிற்க நேரும்.

நம் நாட்டில் காட்டு விலங்குகளைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அது பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் அவற்றுள் முக்கியமானது. பாதுகாக்கப்பட்ட விலங்குகளுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதில் இல்லாததைக் கொன்றால் குற்றமில்லை என்று தோட்டங்களில் பலர் நினைக்கிறார்கள். பாலூட்டிகளைப் பொறுத்தவரை விஷயம் தலைகீழ். எல்லாமே பாதுகாக்கப்பட்டவை, விலக்களிக்கப்பட்ட சில இனங்கள் மட்டுமே பட்டியலில் பெயர் குறித்துச் சொல்லப்படுகின்றன. சிறுத்தையோ காட்டுப்பூனை வகைகளோ அந்த விலக்குக்குள் வருவதில்லை. கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவது, உயிருடன் பிடிப்பது, செத்த உடலையோ தோலையோ நகத்தையோ வைத்திருப்பது எல்லாமே குற்றம்.

‘பன்றிக்குத்தான் வைத்தேன், சிறுத்தை வந்து மாட்டும் என்று யாருக்குத் தெரியும்?’ என்ற பேச்சைப் பொலிஸ் நிலையங்களில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மாட்டுவது எந்த விலங்கு, அது விலக்களிக்கப்பட்டதா என்று சுருக்கு கேட்டுக்கொண்டு இறுக்குவதில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே, நல்லதண்ணிப் பகுதியில், 2020 மே மாதம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்தது. உயிருடன் மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாள்களில் இறந்துவிட்டது. 2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரார் சேர்ந்து அடித்துக் கொன்றார்கள். ஆள் காயப்பட்ட அந்தச் சம்பவத்திலேயே கைது நடந்தது. ஒரு சிறுத்தை பாய்ந்து வரும்போது உயிரைக் காக்கப் போராடுவதை நீதிமன்றம் வேறு கண்ணோடு பார்க்கும். கோழிக்காக முதல் நாளே திட்டமிட்டுக் கம்பி முடிந்து வைப்பதை அதோடு சேர்த்துப் பேச முடியாது. தற்காப்பு உரிமை என்று தண்டனைச் சட்டக்கோவை சொல்வது குற்றம் செய்யும் மனிதனுக்கு எதிரானது. மரநாய் திருட்டுக் குற்றம் செய்கிறது என்று எந்தச் சட்டத்தரணியாலும் வாதாட முடியாது.

‘கொல்ல வேண்டாம், கூண்டு வைத்துப் பிடித்து அடுத்த மலையில் விட்டுவிடுகிறேன்’ என்றும் சிலர் கேட்பார்கள். நல்ல மனதோடு கேட்கும் கேள்விதான். ஆனால் பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடிப்பதே குற்றம் என்று மேலே சொன்னேன். கூண்டு வைக்க வேண்டிய நிலை வந்தால் அதை வைக்க வேண்டியது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தார்.

மின்சாரத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த ஒரு வரிதான். கூட்டுக் கம்பிக்கு வீட்டு லைனைக் கொடுப்பது மின்சாரச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் அது சின்ன விஷயம். லயத்துப் பின்பக்கம் என்பது பொது இடம் மாதிரி. விடியற்காலையில் தண்ணீருக்குப் பீலிக்குப் போகும் பெண்கள், பந்து பொறுக்க ஓடும் பிள்ளைகள், இரவில் வெளிக்குப் போகும் வயதானவர்கள் என்று எல்லோரும் நடக்கிற வழி. மழையும் மூடுபனியுமாக மண் எப்போதும் ஈரம். யாராவது அந்தக் கம்பியில் பட்டு இறந்தால், கவலையீனமான செயலால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறை சொல்கிறது. உயிராபத்து என்று தெரிந்தே கொடுத்தார் என்று வழக்குத் தொடுநர் காட்டினால் குற்றச்சாட்டு இன்னும் கனமாகலாம். ‘இரவில் மட்டும்தான் போட்டேன்’ என்று சொன்னால் அது தெரிந்தே செய்ததற்குச் சாட்சியாகத்தான் முடியும்.

நஞ்சும் அப்படித்தான். தேயிலைக்கோ மரக்கறிக்கோ அடிக்கும் மருந்தைக் கோழிக் குடலில் தடவி வைப்பது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்துடன் விளையாடுவதாகும். தின்ற விலங்கு அங்கேயே சாகாது. தண்ணீர் தேடிப் போய் ஊற்றருகே விழும். விலங்கு தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது.

இனி, வருவது எது என்பதைக் கண்டுபிடியுங்கள். இது வெறும் ஆவல் தீர்க்கும் வேலை இல்லை. காட்டு விலங்கு என்றால் யார் மீதும் வழக்கு இல்லை. நாய் என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கக்கூடும். மனிதன் என்றால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவின் கீழ் தண்டிக்கப்படும் திருட்டு. உங்கள் உரிமை முழுவதும் இந்தப் பதிலில் தொங்குகிறது.

அடுப்புச் சாம்பலைச் சலித்து, கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மெல்லிசாகத் தூவி விடுங்கள். மழை பெய்யாத இரவாகப் பார்த்துச் செய்யுங்கள். காலையில் கோழிகளைத் திறந்துவிடும் முன் பாருங்கள். நான்கு விரல், நக அடையாளம் இல்லை, உருண்டையான தடம் என்றால் பூனை இனம். நான்கு விரலும் அதற்கு முன்னால் நகக்குத்தும் தெரிந்தால் நாயோ நரியோ. ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாயாக இருக்கலாம். கீரியை இதில் சேர்க்க வேண்டாம், அது பகல்காரன். தடத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி ஒன்றை அளவுக்கு வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். கோழி கிடந்த விதத்தையும் கவனியுங்கள். நாய் பல கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமலே போவதுண்டு. நரி முழுக் கோழியைத் தூக்கிப் போகும். கம்பி இடைவெளியால் தலை மட்டும் பிடுங்கப்பட்டு உடல் உள்ளே கிடந்தால் மரநாய் போன்ற சிறு பிராணியைச் சந்தேகிக்கலாம். இறகு ஒன்றும் சிந்தவில்லை, கதவு மட்டும் ஒழுங்காகத் திறந்து மூடியிருக்கிறது என்றால் காலடியில் விரல்களை எண்ண வேண்டியதில்லை. நேரே பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள்.

மேல் லயத்து நாய்தான் என்று உறுதியானால் உங்களுக்கு வழி உண்டு. இந்த விஷயத்தில் நம் நாட்டில் ஓடுவது ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த உரோம டச்சுச் சட்டம். வளர்ப்பு விலங்கு பிறர் பொருளுக்குச் சேதம் செய்தால், சொந்தக்காரரிடம் நட்டஈடு கேட்க அது இடம் தருகிறது. கோழி கடிக்கும் நாய் என்று தெரிந்தும் இரவில் அவிழ்த்துவிட்டார் என்று காட்ட முடிந்தால், கவனக்குறைவின் பேரில் கேட்கலாம். உங்கள் கை பலமாகும். ஆனால் இத்தனை கோழிக்காக மாவட்ட நீதிமன்றப் படியேற வேண்டாம். இவ்வளவு தொகைப் பிணக்கு எப்படியும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபை அது. அங்கே சட்டத்தரணி வைத்துப் பேசத் தேவையில்லை. சாம்பல் தடப் படங்களையும், எந்தத் தேதியில் எத்தனை கோழி போனது என்று கொப்பியில் எழுதிய குறிப்பையும் கொண்டுபோங்கள். ஒரே பீலியில் தண்ணீர் எடுக்கும் இரண்டு குடும்பங்களுக்கு அதுவே ஏற்ற இடம்.

அதற்கு முன், அந்த நாய்க்கு உங்கள் கணவர் எதுவும் செய்துவிடக்கூடாது. பிராணிகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதிலுள்ள உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு கோழிக்கால்கூட வராது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இன்னொருவரின் நாயைக் கொல்வது அவருடைய சொத்துக்குத் தீங்கு விளைவித்த குற்றமாகத் தண்டனைச் சட்டக்கோவைக்குள்ளும் வரும். நட்டஈடு கேட்கப் போனவர் நட்டஈடு கொடுத்துவிட்டு வருவார்.

காட்டு விலங்குதான் என்றால், அரசிடம் பணம் எதிர்பார்த்து அலையாதீர்கள். காட்டு விலங்குக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை, அதைப் பாதுகாப்பதால் மட்டும் அரசு சொந்தக்காரராகிவிடுவதும் இல்லை. நம் நாட்டு நட்டஈட்டு ஏற்பாடுகள் பெரும்பாலும் யானையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கோழி எண்ணிக் கொடுப்பார்கள் என்று நம்பி நாள்கூலியை இழக்க வேண்டாம். ஆனால் பூனை இனத் தடம் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக இருந்தால் கிராம உத்தியோகத்தர் மூலமாகவோ பொலிஸ் மூலமாகவோ வனசீவராசிகள் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அது காசுக்காக அல்ல, கொழுந்துக்குப் போகும் பெண்களுக்காக. அப்படியான இடத்தில் காவலுக்கு என்று நாயைக் கூட்டடியில் கட்டிவைக்கவும் வேண்டாம். தோட்டப் பக்கச் சிறுத்தைகளுக்கு நாய் பிடித்த இரை.

நிர்வாகத்தின் நெருக்குதலைப் பற்றி. தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுக்குரியது. கம்பனி அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. லயத்துப் பின்பக்க மண்ணுக்கு உங்களிடம் உறுதிப் பத்திரம் இல்லை. கோழி வளர்ப்பது காலங்காலமாக நடப்பதுதான், ஆனாலும் எழுத்தில் ஒரு துண்டு இருப்பதற்கு ஈடில்லை. தோட்டத் தலைவரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கூட்டிக்கொண்டு போய், கூட்டின் நீள அகலத்தையும் இடத்தையும் குறித்து ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வையுங்கள். சிமெந்துக் கட்டடமாகக் கட்டாமல் தூக்கி வைக்கக்கூடிய கூடாக இருந்தால் மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் குறையும். நாற்றம், ஈ என்று பக்கத்து வீட்டார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகாதபடி எருவை வாரம் தவறாமல் அள்ளி மரக்கறிப் பாத்திக்குப் போடுங்கள். யாராவது நோட்டீஸ் ஒட்டினாலோ நீதிமன்றக் கடிதம் வந்தாலோ கிழித்துப் போடாமல் அன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பல நீதிமன்ற வளாகங்களில் அது இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லை.

சட்டத்தரணி கூடு கட்டச் சொல்லிக் கொடுப்பதா என்று கேட்பீர்கள். கட்சிக்காரர் வழக்கில் மாட்டாமல் இருப்பதும் என் தொழில்தான். அறுகோணக் கண் உள்ள சாதாரண கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது, கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள ஒட்டு வலை வாங்குங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கும், காற்று போக விட்ட துவாரங்களுக்கும் மட்டுமாவது அடியுங்கள். வலையின் கீழ் விளிம்பைக் கூட்டின் வெளிப்பக்கமாக ஓர் அடி மடக்கி மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் அடுக்குங்கள். தோண்டுகிற விலங்கு சுவரடியில்தான் தோண்டும், கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிடும். மரநாய் மேலிருந்து வரும். ஆகவே தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் கை நுழையும் சந்து இருக்கக்கூடாது. கதவுக்குக் கயிறு போதாது, கொண்டியும் பூட்டும் போடுங்கள். கோழி அறுத்த குடலையும் இறகையும் கூட்டடியில் வீச வேண்டாம். பொழுது சாயும் முன் அடைத்துவிட வேண்டும். கொழுந்தை எடைபோட்டு முடியத் தாமதமாகும் நாள்களில் அந்த வேலையைப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுங்கள்.

உங்கள் கணவர் அந்தக் கேபிளை ஏற்கெனவே கட்டியிருந்தால், இதை வாசித்தவுடன், பகல் வெளிச்சத்தில் போய்க் கழற்றச் சொல்லுங்கள். போகும்போது அதில் எதுவும் மாட்டியிருந்தால் கிட்டப் போகவோ, தடியால் அடிக்கவோ, கம்பியை அறுத்துவிடவோ கூடாது. பிள்ளைகளையும் நாய்களையும் உள்ளே அடைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவித்து, வனசீவராசிகள் திணைக்கள மிருக வைத்தியரை வரவழைக்கச் சொல்லுங்கள். கம்பி வைத்தது யார் என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டாம். வாக்குமூலம் கொடுக்கும் முன் ஒரு சட்டத்தரணியோடு பேச அவருக்கு உரிமை இருக்கிறது.