ஸ்க்ரூவை இறுக்கியும் ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு ஏன் மறுபடி ஆடுகிறது? எப்படிச் சரிசெய்வது?

ஏஆர்-15 வகை ரைஃபிளில் குழலைச் சுற்றி, கை பிடிக்கும் உறையான ஹேண்ட்கார்டு ஆடுகிறது, அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களை இறுக்கினால் கொஞ்ச நேரம் தாங்குகிறது, சுட்ட பிறகு மறுபடி லூசாகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு முறை லூசானால், முதலில் பொருத்தியவர் சரியாக இறுக்கவில்லை என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப லூசானால் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில்தான். இன்னும் கொஞ்சம் பலமாக இறுக்கிப் பார்ப்போம் என்று போனால் அலுமினிய மரைதான் வழுக்கும்.

ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு குழலை எங்கேயும் தொடாது. பின்முனையில், குழலை ரிசீவரோடு இறுக்கிப் பிடிக்கும் பேரல் நட் ஒன்றுதான் அதைத் தாங்குகிறது. ஏறக்குறைய 5 செ.மீ. நீளப் பிடிப்பு, முன்னால் 30, 40 செ.மீ. நீளக் குழாய். நெம்புகோல் கணக்கில் பார்த்தால், முன்முனையில் கை கொடுக்கும் சின்ன அழுத்தம்கூடப் பின்னால் பல மடங்காகப் போய் விழும். அதனால்தான் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலும் முன்னால் நன்றாகவே ஆட்டம் தெரிகிறது.

வேலையைத் தொடங்கும் முன்: மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைப் பின்னுக்கு இழுங்கள், தோட்டா உட்காரும் இடமான சேம்பர் காலி என்பதைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு குழல் பொருந்தியிருக்கும் மேல் பாதியான அப்பர் ரிசீவரைத் தனியாகப் பிரித்து, போல்ட் கேரியரையும் சார்ஜிங் ஹேண்டிலையும் வெளியே எடுத்துவிடுங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் வேண்டாம்.

அப்பர் ரிசீவரை அதற்கான பிளாக்கில் வைத்து வைஸில் பிடிக்கவும். பிளாக் இல்லாமல் வைஸின் தாடையில் நேராகப் பிடித்தால் மெல்லிய அலுமினியச் சுவர் நசுங்கும். ரிசீவரும் ஹேண்ட்கார்டும் சேரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டுக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நகத்தை அந்தச் சந்தில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் ஹேண்ட்கார்டின் முன்பகுதியை முறுக்கிப் பாருங்கள். கோடு விலகுகிறதா, நகத்துக்குச் சின்ன ‘டிக்’ தட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். நீளமான ஹேண்ட்கார்டு அழுத்தினால் வளையும், விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். அது இயல்பு, கோளாறு இல்லை. லூசானது தள்ளிய இடத்திலேயே நிற்கும்.

கோடு விலகினால், காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பேரல் நட்டைப் பாருங்கள். நட் அசையாமல் ஹேண்ட்கார்டு மட்டும் திரும்பினால் பிரச்சினை கிளாம்பில், அதாவது ஸ்க்ரூக்கள் இறுக்க நட்டைக் கவ்வும் ஹேண்ட்கார்டின் பின்பகுதியில். நட்டும் சேர்ந்தே திரும்பினால், அல்லது குழலையே பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால், நட் லூஸ். பழைய ராணுவ வகை நட்டின் விளிம்புப் பல்லுக்குள் கேஸ் டியூப் (சுடும்போது வரும் வாயுவைப் பின்னுக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய்) நுழைந்து போவதால் அது சுலபத்தில் திரும்பாது. பல ஃப்ரீ ஃப்ளோட் நட்டுகளில் அந்தத் தடை கிடையாது. இறுக்கம் குறைந்தால் திரும்பும், குறியும் ஓடும்.

நட் லூஸ் என்றால் அதை முதலில் முடிக்க வேண்டும், கிளாம்ப் அப்புறம். ஹேண்ட்கார்டைக் கழற்றி, நட்டைக் கழற்றி, ரிசீவர் மரையைத் துடைத்து மாலிப்டினம் டைசல்ஃபைட் கிரீஸ் மெல்லியதாகப் பூசவும். கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டாம், அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் அது அரிப்பை வளர்க்கும். இந்த மரையில் த்ரெட்லாக்கரும் (மரை லூசாகாமல் பிடிக்கும் பசை) வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். மூன்று முறை இறுக்கித் தளர்த்தி மரைகளை உட்கார வைத்துவிட்டு, கடைசியாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். ராணுவ வகை நட்டுக்கு அளவு 30 முதல் 80 அடி பவுண்டு, அதாவது 41 முதல் 108 நியூட்டன் மீட்டர். ஹேண்ட்கார்டோடு வரும் நட்டுக்கு அதன் தயாரிப்பாளர் சொன்ன எண்தான் கணக்கு, அலுமினிய நட்டாக இருந்தால் இன்னும் கவனம்.

பலர் சறுக்கும் இடம் இது: நட்டைப் பிடிக்கும் ரெஞ்சு டார்க் ரெஞ்சின் நேர்கோட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் ரெஞ்சு காட்டும் எண் பொய். கைப்பிடி நடுவிலிருந்து சதுர முனை வரை 40 செ.மீ., அங்கிருந்து நட்டின் மையம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டில் 60 நியூட்டன் மீட்டர் விழ வேண்டுமானால் ரெஞ்சை 60 × 40 ÷ 45, அதாவது சுமார் 53-ல் வைக்க வேண்டும். ரெஞ்சைச் செங்கோணமாகத் திருப்பிப் போட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. கேஸ் டியூப் நேர்கோட்டில் வர வேண்டுமென்றால் நட்டை எப்போதும் இறுக்கும் திசையில்தான் கொண்டுபோக வேண்டும். பின்னுக்குத் தளர்த்தி நேராக்கினால் அதுவே அடுத்த ஆட்டத்துக்கு வித்து.

நட் உறுதியாக இருந்து ஹேண்ட்கார்டு மட்டும் திரும்பினால், ஸ்க்ரூக்களை முழுக்க இறுக்கிய நிலையில் கிளாம்பின் இரண்டு உதடுகளுக்கு நடுவே பாருங்கள். அங்கே இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். உதடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஸ்க்ரூவின் பலமெல்லாம் அந்த உதடுகளிலேயே முடிந்துபோகிறது, நட்டுக்குப் பிடிப்பே போவதில்லை. நட் சிறியது, அல்லது அந்த ஹேண்ட்கார்டுக்கு உரிய நட் அது இல்லை என்று அர்த்தம். அடுத்து ஸ்க்ரூ நீளம். மாற்று ஸ்க்ரூ அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் குழியின் அடியில் முட்டி நின்று இறுகியது போலவே தோன்றும். கழற்றிய ஸ்க்ரூவின் நுனி பளபளவென்று தேய்ந்திருந்தால் இதுதான் காரணம். ரிசீவரைக் கவ்வும் சுழற்சித் தடுப்புக் காதுகளையும் பாருங்கள், அவை தேய்ந்தோ சரியாக உட்காராமலோ இருந்தால் முறுக்கு விசை முழுக்க ஸ்க்ரூக்கள் மேல்தான் விழும்.

சூடும் இதில் பங்குக்கு வருகிறது. அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 34 மி.மீ. விட்டமுள்ள இரும்பு நட்டைச் சுற்றிய அலுமினிய கிளாம்ப் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் விட்டத்தில் ஏறக்குறைய 0.02 மி.மீ. வித்தியாசம் வரும். நன்றாக இறுக்கிய கிளாம்ப் இதைத் தாங்கிக்கொள்ளும். ஒப்புக்கு இறுக்கியது தாங்காது. ‘சுட்ட பிறகு மட்டும் லூசாகிறது’ என்பதற்கு இது ஒரு காரணம்.

எல்லாம் சரி என்றால் மறுபடி பொருத்துவோம். நட்டின் வெளிப்பரப்பு, கிளாம்பின் உட்பரப்பு, ஸ்க்ரூ, ஸ்க்ரூ துளை நான்கையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடைக்கவும். நட்டின் மேல் வழிந்த கிரீஸும் லூசாவதற்கு ஒரு காரணம். ஹேண்ட்கார்டை ரிசீவரோடு முட்டும்வரை தள்ளி, மேல் ரெயில்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதை ஒரு நேர்விளிம்பு வைத்துப் பார்க்கவும். ஸ்க்ரூ நுனியின் மூன்று நான்கு மரையில் நீல நிற த்ரெட்லாக்கர், லாக்டைட் 243 போன்றது, ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்ற 250 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டிவரும். ஸ்க்ரூக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில் ஏற்றி இறுக்கவும். தயாரிப்பாளர் அளவு பெரும்பாலும் 4 முதல் 7 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். முதல் ஸ்க்ரூவை ஒரேயடியாக முடித்துவிட்டால் கிளாம்ப் கோணலாகக் கவ்வும். தேய்ந்த அலன் கீயைப் போட்டால் தலை உருண்டுவிடும், புது பிட் போடுங்கள். பிறகு 24 மணி நேரம் அப்படியே விடவும்.

கிளாம்புக்குள் மெல்லிய தகடு வைத்து இறுக்குவது தற்காலிகம்தான். தகடு நகர்ந்தால் பிடிப்பு ஒரு பக்கமாகிவிடும், சரியான நட் வாங்குவதே நல்லது.

ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் ஹேண்ட்கார்டு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் முறை சுட்டு, ஆறிய பிறகு அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். குழலிலிருந்து கேஸ் டியூபுக்கு வாயுவைத் திருப்பும் கேஸ் பிளாக் ஹேண்ட்கார்டின் உட்சுவரைத் தொடவில்லை என்பதையும் அப்போதே பாருங்கள். முன் குறிமுள்ளோ லேசரோ ஹேண்ட்கார்டின் மேல் இருந்தால் பழைய ஜீரோவை, அதாவது முன்பு குறி சேர்த்து வைத்ததை, நம்பக் கூடாது, புதிதாகவே வைக்க வேண்டும்.