ஸ்ட்ரைக்கரின் பிழைப்பு: குரோஷிய கால்பந்து பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: குரோஷிய முதல் டிவிஷனில் மொத்தமே 10 அணிகள். இவ்வளவு சின்ன லீக்கில் கோல் அடிப்பது சுலபம்தானே? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு விதத்தில் அது பெரிய லீக்குகளைவிடக் கஷ்டம். 10 அணிகள், 36 சுற்றுகள். அதாவது ஒவ்வோர் எதிரணியையும் ஒரே சீசனில் நான்கு முறை சந்திக்க வேண்டும். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ லீக்கில் இரண்டே முறைதான். ஆகஸ்டில் நீங்கள் இடது காலால் உள்ளே வெட்டி கோல் போட்டால், மூன்றாவது சந்திப்புக்குள் அந்த டிஃபென்டருக்கு உங்கள் பழக்கம் மனப்பாடம் ஆகிவிடும். முதல் பாதியில் 10, 12 கோல் அடித்துவிட்டு வசந்த காலத்தில் வறண்டுபோகும் ஸ்ட்ரைக்கர்கள் அங்கே நிறைய. உடம்பு தளர்வதைவிட, ஆட்டம் அம்பலமாவதுதான் பெரும்பாலும் காரணம்.

சென்டர் ஃபார்வர்டை அங்கே பேச்சுவழக்கில் ‘ஷ்பிட்சா’ என்பார்கள். முனை என்று பொருள். ஒரே மாதிரி முனை நான்காவது குத்தில் மழுங்கும். முதுகைக் காட்டி நின்று பந்தைத் தாங்கித் தருவது, டிஃபென்டருக்குப் பின்னால் ஓடுவது, கிராஸுக்குத் தலை கொடுப்பது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டாவது வித்தைகள் கைவசம் இருந்தால்தான் 36 சுற்றும் தாக்குப்பிடிக்க முடியும்.

ஒரு சீசனில் அதிகக் கோல் அடித்த சாதனை எடுவார்டோ டா சில்வாவுடையது: டினாமோ ஸாக்ரெப்புக்காக 2006–07 சீசனில் 34 கோல். அப்போது 12 அணிகள், 33 சுற்றுகள். அதற்கு முன் 1993–94ல் கோரன் விலாவோவிச் அடித்த 29 கோல்தான் உச்சம். மார்கோ லிவாயா ஹைடுக் ஸ்ப்ளிட்டுக்காக 2021–22ல் 28 போட்டதை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

கேள்வி: அங்கே 20 கோல் அடித்தால் பெரிய ஐரோப்பிய கிளப் கூப்பிட்டுவிடுமா? – வாசகர், மதுரை

பதில்: 20 என்ற எண்ணை மட்டும் பார்த்து யாரும் காசோலை எழுதுவதில்லை. வாங்க வருகிற கிளப்பின் ஆட்கள் முதலில் கழித்தல் கணக்குத்தான் போடுவார்கள்.

முதல் கழிவு பெனால்ட்டி. பெனால்ட்டியில் நான்கில் மூன்று கோலாகிவிடும் என்பதால் அதை ஸ்ட்ரைக்கரின் திறமைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மியோ சக்டாஷ் 2018–19ல் 19 கோல் அடித்து முதலிடம். அடுத்த சீசனில் 20 அடித்து, ரியேகாவின் அந்தோனியோ சோலாக், ஓசியெக்கின் மிர்கோ மாரிச் ஆகியோருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அவர் மிட்ஃபீல்டர். ஹைடுக்கின் பெனால்ட்டிகளை அடித்தவர். பட்டியலை மேலோட்டமாகப் படித்தால் இது தெரியாது.

இரண்டாவது, யாருக்கு எதிராக. கடைசி இரண்டு அணிகளுக்கு எதிராக எட்டுப் போட்டிகள் கிடைக்கும் லீக் இது. டினாமோ, ஹைடுக், ரியேகா ஆகியவற்றுக்கு எதிராக எத்தனை, ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் எத்தனை என்று தனியே எண்ணுவார்கள்.

மூன்றாவது வயது. மற்ற இரண்டையும்விட இதுதான் விலையை அதிகம் அசைக்கும். 22 வயதில் அடித்த 15 கோல், 28 வயதில் அடித்த 20 கோலைவிட விலை போகும். வாங்குகிறவர் மறுபடி விற்க வேண்டுமே!

மூன்று கழிவுகளுக்கும் தப்பி நின்றவர் ஆந்த்ரேய் கிரமாரிச். டினாமோவின் அகாடமியில் வளர்ந்தவர். லோனில், அதாவது தற்காலிக இரவலாக, லோகோமோடிவா என்ற கிளப்புக்குப் போய் கோல் அடித்துத் திரும்பியும் டினாமோவில் நிலையான இடமில்லை. 2013 ஆகஸ்டில் சுமார் 10 லட்சம் யூரோவுக்கு ரியேகா வாங்கியது. 2014ன் இலையுதிர்காலத்தில் லீக்கில் 18 ஆட்டம், 21 கோல். லோகோமோடிவாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5. யூரோப்பா லீக்கில் டச்சு அணியான ஃபெயனூர்டுக்கு எதிராக ஹாட்ரிக். 2015 ஜனவரியில் லெஸ்டர் சிட்டி அவரைச் சுமார் 90 லட்சம் பவுண்டுக்கு, தன் அன்றைய சாதனை விலைக்கு, வாங்கியது. சீசனில் பாதிதான் ஆடினார். ஆனாலும் அந்த ஆண்டின் அதிகக் கோல் பட்டியலில் முதலிடம் அவருக்கே. அவரை விற்றதில் டினாமோ செய்த தப்புக்கணக்கை ஸாக்ரெப் ரசிகர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

லெஸ்டரில் அவருக்கு ஆட வாய்ப்புக் குறைவாகவே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கிருந்து ஜெர்மனியின் ஹோஃபன்ஹைமுக்கு மாறிய பிறகுதான் நிலைத்தார்.

கேள்வி: இளம் ஸ்ட்ரைக்கர்களை ஏன் சின்ன கிளப்புக்கு லோனில் அனுப்புகிறார்கள்? அது தண்டனையா? – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தண்டனை இல்லை, பாதி பேருக்கு அதுதான் வழி. நிகோலா கலினிச் ஹைடுக்கில் வளர்ந்தவர். பூலாவுக்கும் ஷிபெனிக்குக்கும் லோனில் போய் ஆடித் திரும்பி, 2009ல் பிளாக்பர்னுக்குப் போனார். எடுவார்டோவே இரண்டாம் டிவிஷனில் ஸாப்ரெஷிச் என்ற சிறு நகரக் கிளப்புக்கு லோனில் போனவர்தான். டியோன் பெல்யோ ஓசியெக்கிலிருந்து பூலாவின் இஸ்த்ரா 1961 அணிக்குப் போய், திரும்பி வந்து, 2023 ஜனவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்குக்கு விற்கப்பட்டார்.

காரணம் எளிது. டினாமோவின் பெஞ்சில் உட்கார்ந்தால் வாரம் 10 நிமிடம். பூலாவில் 90 நிமிடம், அதுவும் பந்து குறைவாக வரும் அணியில். ஒரு ஆட்டத்துக்கு இரண்டே வாய்ப்பு வந்தால் அதில் ஒன்றைக் கோலாக்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

லோன் கெட்டுப்போவது பெரும்பாலும் கையெழுத்துக்கு முன்பே. ஏற்கெனவே 30 வயது நிலையான ஸ்ட்ரைக்கர் இருக்கும் அணிக்குப் போவது, நீண்ட பந்து ஆடும் கோச்சிடம் வேகக்கார ஸ்ட்ரைக்கர் போவது, அக்டோபரில் கோச் மாறிவிடுவது (குரோஷியாவில் இது சர்வசாதாரணம்) ஆகிய மூன்றும் வழக்கமான குழிகள். ஆகவே ஜனவரியில் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை தாய்க் கிளப்புக்கு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபிஃபா விதிப்படி லோன் அதிகபட்சம் ஓர் ஆண்டு. லோனில் வந்தவரை இன்னொரு கிளப்புக்கு மறுலோன் கொடுக்க முடியாது. ஒரு சீசனில் ஒருவர் மூன்று கிளப்புகளில் பதிவாகலாம், ஆனால் பொதுவாக இரண்டில்தான் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடலாம். ஆகஸ்டில் தாய்க் கிளப்புக்காக ஐந்து நிமிடம் இறங்கிவிட்டு லோனில் போனவருக்கு, ஜனவரியில் மூன்றாவது கிளப் தேடும்போது இது இடிக்கும்.

கேள்வி: சம்பளம் ஒழுங்காக வருமா? வராவிட்டால் என்ன செய்வார்கள்? – வாசகர், ஈரோடு

பதில்: டினாமோவிலும் ஹைடுக்கிலும் ஆடுபவருக்கும், அட்டவணையின் அடியில் இருக்கும் கிளப்பில் ஆடுபவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. கீழ்மட்டக் கிளப்புகளில் சம்பளத் தாமதம் அங்கே பழைய நோய்.

முதலில் ஒப்பந்தத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். குரோஷியாவில் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கிளப்பின் ஊழியர்கள் அல்லர். சுயதொழில் செய்பவராகப் பதிந்துகொண்டு கிளப்போடு ஒப்பந்தம் போடுபவர்கள். வரியும் ஓய்வூதிய, மருத்துவப் பங்களிப்பும் அவர்களே கட்ட வேண்டும். மாதம் 3,000 யூரோ என்று எழுதியிருந்தால் அது கைக்கு வருவதா, வரிக்கு முந்தியதா என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவர், ஆண்டு முடிவில் வரிக் கடிதம் வரும்போது விழிப்பார். காயம்பட்டுக் கிடக்கும் மாதங்களுக்கு முழுத்தொகை உண்டா என்பதும் தனி வரியாக இருக்க வேண்டும்.

கோல் போனஸில் வேறொரு கண்ணி. ‘லீக்கில் 10 கோலுக்கு இவ்வளவு’ என்றிருந்தால் கோப்பை ஆட்டக் கோல் சேராது. ‘ஆடும் 11ல் இடம்பெற்ற ஆட்டம்’ என்றிருந்தால் மாற்று ஆளாக இறங்கியது சேராது. போனஸ் வரம்புக்கு ஒரு கோல் குறைவாக இருக்கும்போது பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட கதைகள் எல்லா லீக்கிலும் உண்டு. ஆகவே படிப்படியாக, 5, 8, 11 என்று எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி, பணம் வராவிட்டால். ஃபிஃபாவின் விதி இது: சட்டவிரோதமாக இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் வைக்கப்பட்டால், கிளப்புக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் முழுத்தொகை வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். மீதிக் காலத்துச் சம்பளத்தையும் இழப்பீடாகக் கேட்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் புதுக் கிளப்பில் வாங்குவது அதில் கழியும். பலர் தோற்பது நோட்டீஸ் கட்டத்தில்தான். கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் நின்றுவிடுவார்கள். உடனே கிளப், ‘ஒப்பந்தத்தை மீறியவர் இவர்தான்’ என்று எதிர்வழக்குப் போடும். நோட்டீஸ் ஓடும் 15 நாளும் பயிற்சிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஃபிஃபாவிடம் போகலாம், இரண்டு ஆண்டுக்குள். குரோஷியர் தன் நாட்டுக் கிளப் மீது போடும் வழக்கு அந்நாட்டுச் சம்மேளனத்தின் நடுவர் மன்றத்துக்குப் போகும்.

‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும்’, ‘வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும்’ என்ற வரிகளையும் ஃபிஃபா ஏற்பதில்லை. பரிசோதனை கையெழுத்துக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை.

கேள்வி: ஓர் ஆட்டக்காரரை விற்றால் அவரைச் சிறுவயதில் வளர்த்த ஊர்க் கிளப்புக்கு ஏதாவது கிடைக்குமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: கிடைக்கும். நாடு விட்டு நாடு விற்கும்போது தொகையில் 5 சதவீதம், அவர் 12 முதல் 23 வயது வரை பதிவாகியிருந்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. ஒரு ஸ்ட்ரைக்கர் 20 லட்சம் யூரோவுக்கு இத்தாலிக்குப் போகிறார், 12 முதல் 15 வயது வரை கிழக்குக் குரோஷியாவின் ஸ்லவோனியாவில் ஒரு சிறு கிளப்பில் ஆடினார் என்றால் அந்தக் கிளப்புக்கு 20,000 யூரோ. சிறு கிளப்புக்கு அது புல்தரையும் பேருந்துச் செலவும். பையனின் பதிவு ஏடு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏடு இல்லாமல் பணம் இழந்தவர்கள் உண்டு.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, நல்ல ஸ்ட்ரைக்கர். குரோஷியக் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தந்தை, சென்னை

பதில்: கொடுக்காதீர்கள், ஐயா. 18 வயது நிறையாதவரை நாடு விட்டு நாடு பதிவு செய்ய ஃபிஃபா தடை விதித்திருக்கிறது. விலக்குகள் சில உண்டு: கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோரே அங்கே குடிபெயர்வது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் மாறுவது போன்றவை. சென்னையிலிருந்து போகும் உங்கள் மகன் இவற்றில் எதிலும் அடங்க மாட்டார் என்றே தெரிகிறது. சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் நட்பு ஆட்டம் ஒன்றில் இறக்கிவிட்டு, ‘டிரையல் முடிந்தது’ என்று சொல்வதோடு அந்தப் பணம் கரைந்துவிடும்.

18 நிறைந்த பிறகு பார்க்க வேண்டியவை: ஏஜென்ட்டிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா, அழைப்புக் கடிதம் கிளப்பிடமிருந்தே நேராக வந்ததா, தங்கலும் வேலையும் சேர்ந்த அனுமதிக்குக் கிளப் விண்ணப்பிக்கிறதா. இந்தியாவின் சந்தேஷ் ஜிங்கன் 2021ல் ஷிபெனிக்கில் சேர்ந்தபோது அவர் தேசிய அணியின் அனுபவமுள்ள டிஃபென்டர். அவருக்கே காயம் குறுக்கிட்டது. ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று.

கேள்வி: ஸ்ட்ரைக்கர்களுக்கு அதிகம் வரும் காயம் எது? – வாசகர், சேலம்

பதில்: பின்தொடைத் தசை இழுப்பு. முழு வேக ஓட்டத்தில்தான் கிழியும். டிசம்பர் நடுவில் தொடங்கும் குளிர்கால இடைவேளை முடிந்து, ஜனவரிக் கடைசியில் திடீரென முழு வேகத்துக்குத் திரும்பும் வாரங்கள் ஆபத்தானவை. முழங்காலில் நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சியை விடாமல் செய்தால் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் இரண்டு செட்; பிறகு மெல்லக் கூட்ட வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்யக் கூடாது, தசை வலிக்கும்.

கடலோர மைதானங்களில் ‘பூரா’ என்ற வடகிழக்குக் காற்று இன்னொரு தொல்லை. கிராஸ் வளைந்து பின்னால் போய்விடும். அன்றைக்குத் தலைக்குக் காத்திருக்காமல், தட்டுப்பட்டுச் சிதறி வரும் இரண்டாவது பந்துக்குப் பாக்ஸ் விளிம்பில் நிற்பவருக்குத்தான் வேலை இருக்கும்.

கேள்வி: 30 தாண்டினால் கதை முடிந்ததா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: வெளிநாட்டுச் சந்தையில் பெரும்பாலும் ஆம்; உள்ளூரில் இல்லை. முதல் டிவிஷன் வரலாற்றில் அதிகக் கோல் அடித்த தவோர் வுக்ரினெட்ஸ் (146) துருக்கியிலும் இத்தாலியிலும் ஆடிவிட்டுத் திரும்பியவர். 2009–10ல் ஸாக்ரெப் நகரின் இன்னொரு கிளப்பான என்.கே. ஸாக்ரெப்புக்காக 18 கோல் அடித்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 35. வேகம் போன பிறகு அவரிடம் மிஞ்சியவை ஃப்ரீ கிக்கும், பெனால்ட்டியும், பந்து எங்கே விழும் என்ற முன்னுணர்வும். விலை பேச வருகிறவர்கள் கழித்துவிடும் அதே பெனால்ட்டிதான், விற்க வேண்டாத வயதில் சம்பளம் தருகிறது.