சொண்டு வெடிப்புக்கு எதைப் பூசலாம்?

கேள்வி: எனக்கு 26 வயது. போன வருடம் சீலியாக் நோய், அதாவது கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய், என்று உறுதிசெய்தார்கள். பாண், ரொட்டி எல்லாவற்றையும் விட்டு, அரிசி மாப் பிட்டும் இடியப்பமும் சாப்பிடத் தொடங்கியபின் வயிறு தேறிவிட்டது. ஆனால் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் சொண்டு வெடித்து இரத்தம் கசிகிறது. லிப் பாமிலும் கோதுமை இருக்கும் என்கிறாள் தோழி. உண்மையா? எதை வாங்குவது?
– வாசகி, கல்லடி

பதில்: உண்மைதான் மகள். என் மூத்தவளுக்கும் இதே நோய். அவள் ஏ.எல். படிக்கும்போது, 'இயற்கையானது' என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதிய லிப் பாம் ஒன்றை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சாப்பாட்டில் எந்தப் பிழையும் இல்லாமலே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குழாயின் பின்பக்கத்தை வாசித்தேன். எறும்பு மாதிரி எழுத்தில் 'டிரிட்டிகம் வல்கரே' என்று இருந்தது. கோதுமையின் தாவரப் பெயர் அது. அவளுடைய வயிற்றுவலிக்கு அதுதான் காரணமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று தொடக்கம் எதை வாங்கினாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். டிரிட்டிகம் என்றால் கோதுமை, ஹோர்டியம் என்றால் பார்லி, சீகேல் என்றால் ரை என்ற தானியம். மூன்றிலும் குளூட்டன் உண்டு. 'ஹைட்ரலைஸ்டு வீட் புரோட்டீன்' என்றும் சிலதில் இருக்கும், அதுவும் கோதுமைப் புரதம்தான். அவீனா என்பது ஓட்ஸ். அதில் கோதுமை கலந்து வர இடமுண்டு, ஆகவே அதுவும் வேண்டாம். டோகோபெரோல் என்பது விட்டமின் ஈ. அதைக் கண்டு பயப்படாதீர்கள், கோதுமை முளை எண்ணெய் என்று தனியாகக் குறித்திருந்தால் மட்டும் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். உணவில் 'குளூட்டன் அற்றது' என்று எழுத, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவு. அது சாப்பாட்டுக்கான விதி. ஆகவே பூசுபொருளில் அந்தச் சொல்லைக் கண்டாலும் பின்பக்கத்தை வாசிக்கத்தான் வேண்டும்.

கைக்குப் பூசும் கிறீமைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டாம். நல்ல தோல் வழியாகக் குளூட்டன் உள்ளே போகாது. சொண்டில் பூசுவது அப்படியல்ல, கொஞ்சமாவது வாய்க்குள் போய்விடும். கச்சான் காலத்தில் நாளுக்குப் பத்துத் தடவை பூசுவோமே!

உங்களுக்கு நான் சொல்வது வெறும் பெற்றோலியம் ஜெலி. வாசனை, நிறம் எதுவும் சேராததாகப் பார்த்து வாங்குங்கள். அதில் தானியம் எதுவும் இல்லை. ஆனால் அந்த டப்பா உங்களுக்கு மட்டும்தான். பாண் பிய்த்த கையோடு தம்பி ஒரு விரல் தொட்டால் போதும், துகள் அதற்குள் இருந்துவிடும். எங்கள் வீட்டில் மகளின் டப்பாவுக்குச் சிவப்பு நூல் சுற்றி, அவளுடைய தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

வீட்டில் செய்வதென்றால், துருவிய தேன்மெழுகு ஒரு மேசைக்கரண்டி, தேங்காயெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. கிண்ணத்தைச் சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். தேங்காயெண்ணெய் மட்டும் நம்முடைய வெக்கைக்கு உறையாமல் வழிந்துவிடும், மெழுகுதான் அதைப் பிடித்து வைக்கும். படுவான்கரைப் பக்கம் தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகும் கேட்டுப் பாருங்கள். அதில் அழுக்கிருந்தால் சுத்தமான துணியில் வடியுங்கள். கோதுமை மா அரிக்கும் அரிதட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கற்பூரம், மென்தோல் சேர்ந்தவை பூசும்போது குளிர்ச்சியாக இருக்கும், பிறகு வெடிப்பை இன்னும் எரியவைக்கும். சொண்டை நாக்கால் நனைப்பதையும் விடுங்கள். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருகிற காற்று கச்சான், அந்த எச்சிலோடு சொண்டின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். படுக்கப் போகும்முன் முகம் கழுவி, ஈரம் முழுதாகக் காயும் முன்னே பூசுங்கள்.

இன்னொன்று. வெடிப்பு நடுச்சொண்டிலா, கடைவாயிலா என்று நீங்கள் எழுதவில்லை. கடைவாய் இரண்டும் வெடித்து ஆறாமல் இருந்தால் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சீலியாக் உள்ளவர்களுக்குக் குடல் ஆறும்வரை இரும்புச்சத்தும் பி விட்டமின்களும் சரியாக உடம்பில் சேராமல் போகலாம், அது கடைவாயில் தெரியலாம். பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் சொண்டைக் காட்டி, இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் மகள்.