கேளுங்கள்: பூத் கணக்கும் டெபாசிட் கணக்கும்

கேள்வி: 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் எங்கள் தொகுதியில் எந்தக் கட்சிக்கு எந்தப் பகுதியில் வாக்கு கூடியது, எங்கே குறைந்தது என்று ஆய்வேடு எழுதுகிறேன். பூத்வாரியாக எப்படி ஒப்பிடுவது?
முதுகலை மாணவி, கரூர்

பதில்: உங்களுக்கு வேண்டியது படிவம் 20. தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திடும் இறுதி முடிவுத் தாள் அது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகத் தேடுங்கள். வரிசைக்கு ஒரு சாவடி. வேட்பாளர் ஒவ்வொருவரின் வாக்கு, செல்லுபடியான வாக்குகளின் கூட்டல், நோட்டா என்று கட்டங்கள் ஓடும். ஸ்கேன் செய்த தாளாக இருந்தால் எக்செல்லில் ஏற்றும்போது 1-உம் 7-உம், 3-உம் 8-உம் இடம் மாறிவிடும். ஒவ்வொரு வரிசையையும் கூட்டித் தாளில் உள்ள கூட்டலோடு ஒத்துப்பாருங்கள். பிறகு ஒவ்வொரு வேட்பாளருக்கும் மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். இரண்டும் ஒத்துவராமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

ஆய்வேடுகள் சறுக்கும் இடம் சாவடி எண். 2016-ன் 45-ஆம் சாவடியும் 2021-ன் 45-ஆம் சாவடியும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு பலர் கழித்துவிடுகிறார்கள். கொரோனா காரணமாக 2021-ல் ஒரு சாவடிக்குச் சுமார் 1,000 வாக்காளர்கள் என்று வரம்பைக் குறைத்ததால், 2016-ல் சுமார் 66,000 ஆக இருந்த தமிழ்நாட்டுச் சாவடிகள் 88,000-ஐத் தாண்டின. பழைய சாவடி பிரிந்து துணைச் சாவடி முளைத்திருக்கும். எண்ணை விடுங்கள்; கட்டடத்தையும் நம்பாதீர்கள், ஒரே பள்ளியில் நாலு சாவடி இருக்கும். வாக்குச்சாவடிப் பட்டியலில் உள்ள தெருப் பெயர்களை வைத்து இணையுங்கள். பிரிந்தவற்றை மறுபடி கூட்டி ஒன்றாக்கிய பிறகே கழித்தல். அந்தப் பட்டியலில் ‘ஆண்கள் மட்டும்’, ‘பெண்கள் மட்டும்’ என்ற குறிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கூட்டணி. பா.ம.க. 2016-ல் தனித்து நின்றது, 2021-ல் அ.தி.மு.க. அணியில் இருந்தது. ஒரு தெருவில் இரட்டை இலைக்கு வாக்கு ஏறியிருந்தால், அது பழைய மாம்பழ வாக்காக இருக்கலாம். கட்சிவாரியாகவும் அணிவாரியாகவும் இரண்டு அட்டவணை போடுங்கள்.

தபால் வாக்கு எந்தச் சாவடியிலும் சேராது, தாளின் அடியில் தனி வரிசையாக வரும். 2021-ல் 80 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தபால் வாக்கு வசதி வந்ததால், அப்படி வாக்களித்தவர்கள் சாவடிக் கணக்கிலிருந்து விலகியிருக்கிறார்கள். சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. 2016-ல் இராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசமே 49 வாக்குதான். அந்த முடிவை எதிர்த்த வழக்கு தபால் வாக்குகளை வைத்து எழுந்தது.

கடைசியாக, சாவடிக் கணக்கு சாவடியைப் பற்றித்தான் பேசும், ஆளைப் பற்றி அல்ல. ஒரு சாவடியில் 600 வாக்கு, அதில் பெண்கள் 360. ஒரு கட்சிக்கும் 360 வாக்கு. பெண்கள் எல்லாரும் அந்தக் கட்சிக்கே போட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 240 ஆண்களும் 120 பெண்களும் போட்டாலும் அதே 360 வரும். அப்படியானால் பெண்களில் மூன்றில் ஒருவர்தான் போட்டிருக்கிறார். சாதி, தொழில் எதை வைத்து எழுதினாலும் இதே கண்ணிதான். இதைத் தாண்ட வேண்டுமானால் அந்தத் தெருவில் ஆட்களிடம் போய்க் கேட்க வேண்டும், வேறு வழி இல்லை.

கேள்வி: டெபாசிட் கணக்கில் நோட்டாவும் சேருமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: சேராது. டெபாசிட் என்பது போட்டியிட வேட்பாளர் கட்டும் பணம்; செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் அது திரும்பும். வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியான வாக்கு 1,80,000, நோட்டா 3,000 என்று வையுங்கள். ஆறில் ஒரு பங்கு 1,80,000-க்குத்தான், அதாவது 30,000. அதற்கு ‘மேல்’ வாங்க வேண்டும்: சரியாக 30,000 என்றால் டெபாசிட் போச்சு, 30,001 என்றால் திரும்பும். நோட்டாவையும் சேர்த்து 30,500 என்று எழுதுவது தவறு. டெபாசிட் தொகை சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்ற 1996-ல் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாய்தான். தொகை உயர்ந்தது அதற்குப் பிறகு.

கேள்வி: குரூப் 4 தேர்வில் தேறி வேலையில் சேர்ந்துவிட்டேன். அண்ணன் வேட்பாளர். வாக்கு எண்ணும் இடத்தில் அவருக்கு முகவராக உட்காரலாமா?
வாசகி, பெரம்பலூர்

பதில்: கூடாது, அம்மா. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 134ஏ பிரிவுப்படி, அரசு ஊழியர் தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ எண்ணும் முகவராகவோ இருந்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். துறை நடவடிக்கை தனி. அண்ணனுக்கு உங்கள் ஒரு வாக்கைப் போடலாம்; பிரசாரத்துக்குப் போகாதீர்கள்.