பூச்சி தின்னும் செடி: இது எது, வெளியே வைக்கலாமா?

புதுக்கோட்டையிலிருந்து: கண்மாய்க் கரை ஈர மணலில், ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பாகத் தரையோடு ஒட்டிய செடிகள். இலையெல்லாம் பிசுபிசுப்பு. என்ன செடி அண்ணா?

அழுகண்ணிதான், டிரோசிரா பர்மானி. இலைகள் ஆப்பு வடிவில் வட்டமாக விரிந்திருக்கும். ஒவ்வொரு ரோம நுனியிலும் ஒரு பசைத்துளி. பனி காய்ந்த பிறகும் அது மினுங்குகிறதா என்று பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். பக்கத்திலேயே நிமிர்ந்த தண்டு, நூல் போன்ற இலை, இளஞ்சிவப்புப் பூ என்று ஒன்று நின்றால் அது டிரோசிரா இண்டிகா.

பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். மண் காய்ந்தால் எப்படியும் சாகிற செடி, அடுத்த மழைக்கு விதையிலிருந்து முளைக்கும். பூத்தண்டு காய்ந்ததும் துளி விதை எடுத்து, உப்புப் போக அலசிய தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்து, அந்தக் கலவையின் மேலே தூவுங்கள். மூடக்கூடாது, வெளிச்சம் பட வேண்டும். உங்கள் ஊர் வெயில் அதற்குப் பழக்கம்தான், வெளியிலேயே வளரும்.

எங்கள் வேலியோரம் மஞ்சள் பூச்செடி ஒன்றில் கொசுக்கள் ஒட்டிச் சாகின்றன. அதுவும் இந்த வகையா?

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது நாய்வேளை. பசை இருக்கிறது, ஆனால் ஒட்டியதைச் செரித்து உறிஞ்சுகிற செடியாக அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சென்னை. ஆன்லைனில் வீனஸ் ஃப்ளைட்ராப் (இலையை மூடிப் பூச்சி பிடிக்கும் செடி) வாங்கினேன். மொட்டைமாடியில் வைக்கலாமா?

வெயில் அதற்குப் பிடிக்கும், பிரச்சினை குளிர்காலம். சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா சதுப்புகள். வருடத்தில் மூன்று நான்கு மாதம் குளிரில் ஓய்ந்து கிடக்க வேண்டும். சென்னை மார்கழி அதற்குப் போதாது. கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு இளைத்துப்போகும்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பே கொன்றுவிடும். மழைநீர், அல்லது டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 50-க்குக் கீழே உள்ள ஆர்ஓ தண்ணீர். உரம், மண்புழு உரம் எதுவும் கூடாது. அப்புறம், விரலை விட்டு விளையாடாதீர்கள். இலையின் உள்ளே இருக்கும் ரோமத்தைச் சுமார் 20 நொடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் மூடும், ஓர் இலையால் சில தடவைதான் அப்படி மூட முடியும். சும்மா மூட வைத்தால் அதற்கு நஷ்டம்.

சென்னைக்கு நான் சொல்வது நெப்பந்தஸ் வென்ட்ராட்டா, குடுவை தொங்குகிற கலப்பினம். பால்கனியில் வடிகட்டிய வெயிலில் தொங்கவிடுங்கள். தட்டில் தண்ணீர் தேக்க வேண்டியதில்லை, அதனால் கொசுத் தொல்லையும் இல்லை.

நான் கொடைக்கானல், எனக்கும் அதே பதில்தானா?

இல்லை, நீங்கள் கொடுத்துவைத்தவர். ஃப்ளைட்ராப்பைத் தாராளமாக வெளியே வையுங்கள், தண்ணீர் விதி மட்டும் அதேதான்.

மேகாலயாவில் இருக்கும் நண்பர் காட்டுக் குடுவைச் செடி கொண்டுவருகிறேன் என்கிறார்...

வேண்டாம். அது நெப்பந்தஸ் காசியானா, வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. காட்டிலிருந்து பறிப்பதே குற்றம்.

டொராண்டோ. சர்ராசீனியா பர்பூரியா என்ற குடுவைச் செடி வைத்திருக்கிறேன். பனிக்காலத்தில் உள்ளே எடுக்கவா?

எடுக்காதீர்கள். அது கனடாவின் சொந்தச் செடி, நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார் மாகாண மலரே அதுதான். தொட்டியில் இருந்தால் மட்டும் வேர் உறையும் ஆபத்து உண்டு. நவம்பரில் தொட்டியோடு தரையில் புதைத்து, மேலே பைன் இலைச் சருகை நன்றாகக் குவித்துவிடுங்கள். வசந்தத்தில் உறைபனி விட்டதும் விலக்கலாம்.